விண்டோஸ் 11 நிறுவிய பின் பழைய ஹார்ட் டிஸ்க்கின் கோப்புறைகளில் அனுமதி மறுக்கப்படுகிறது

கேள்வி: நிழற்படக்கூடம்

வணக்கம். திருமண நிகழ்ச்சிகளைப் படமெடுக்கும் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்தி வருகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், ஸ்டுடியோ கணினிக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கிப் பொருத்தி, அதில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினோம். இதுவரை சி ட்ரைவாக இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றவில்லை. அது இப்போது டி ட்ரைவ் என்ற பெயரில் அதே கணினியில் இருக்கிறது.

பழைய டிஸ்க்கின் மேல்மட்டத்தில் இருக்கும் ஆல்பம் கோப்புறை வழக்கம்போலத் திறக்கிறது, அதில் சேமிக்கவும் முடிகிறது. ஆனால் யூசர்ஸ் கோப்புறைக்குள் என் பழைய பெயரில் இருக்கும் கோப்புறையைத் திறந்தால், இதை அணுக உங்களுக்கு அனுமதி இல்லை என்ற செய்தி வருகிறது. அதற்குள் பிக்சர்ஸ் பகுதியில்தான் வாடிக்கையாளர்களின் திருமணப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. ஏறத்தாழ 600 ஜிபி இருக்கும் என்பதால் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றவும் இடமில்லை. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் ஆல்பம் வடிவமைப்பு மென்பொருளின் மாதிரிகள் இருக்கின்றன. அவை திறக்கின்றன, ஆனால் திருத்திச் சேமிக்க முடிவதில்லை.

புதிய கணக்கையும் பழைய பெயரிலேயே, பழைய கடவுச்சொல்லுடன்தான் உருவாக்கியிருக்கிறேன். கோப்புறையின் ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியில் ரீட்-ஒன்லி என்பதில் உள்ள குறியை நீக்கினாலும், மறுபடி திறக்கும்போது அது அங்கேயே இருக்கிறது. டி ட்ரைவ் முழுவதற்கும் உரிமையாளரை மாற்றி, எவ்ரிஒன் என்பதற்கு முழு அனுமதி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? படங்கள் எனக்குச் சொந்தமானவை அல்ல, நம்பிக் கொடுத்தவர்களுடையவை. அதனால் எதையும் தொடுவதற்கு முன் கேட்டுவிட நினைத்தேன்.

பதில்: கட்டளைவரி

தொடுவதற்கு முன் கேட்டது மிக நல்லது. ட்ரைவ் முழுவதற்கும் உரிமையாளரை மாற்றுவதும், எவ்ரிஒன் என்று திறந்துவிடுவதும் வேண்டாம். உங்கள் சிக்கல் ஒரே ஒரு கோப்புறையில்தான் இருக்கிறது. மருந்தும் அங்கே மட்டும் போதும்.

முதலில் காரணம். விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைக்கப்பட்ட டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அனுமதிப் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயர் எழுதப்பட்டிருக்காது; எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண்ணே எழுதப்பட்டிருக்கும். அதை எஸ்ஐடி என்பார்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது கணினிக்கே புதிய அடையாளம் பிறக்கிறது, அதையொட்டி உங்கள் கணக்கின் எண்ணும் மாறிவிடுகிறது. பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றாக இருந்தாலும், விண்டோஸின் கணக்கில் நீங்கள் வேறு ஆள். பழைய கோப்புறையின் செக்யூரிட்டி பகுதியில் அக்கவுண்ட் அன்நோன் என்று ஒரு வரியும், அருகில் அந்த நீண்ட எண்ணும் தெரியும். அது பழைய கணினியில் இருந்த நீங்கள்தான். பழைய விண்டோஸுக்கு மேலேயே புதியதை ஏற்றும் முறையில் மேம்படுத்தியிருந்தால் கணக்குகளும் எண்களும் அப்படியே இருந்திருக்கும், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

ஆல்பம் கோப்புறை மட்டும் ஏன் திறக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. டிஸ்க்கின் மேல்மட்டத்தில் உருவாகும் கோப்புறைகளுக்கான அனுமதி, ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் (தம் கணக்கில் நுழைந்த எவரும்) போன்ற பொதுக் குழுக்களின் பெயரில் வழங்கப்படுகிறது. அந்தக் குழுக்களின் எண்கள் உலகில் உள்ள எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே. ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ் என்றால் எஸ்-1-5-11, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்றால் எஸ்-1-5-32-544. ஆகவே கணினி மாறினாலும் அந்த அனுமதி செல்லும். யூசர்ஸ் கோப்புறைக்குள் உள்ள தனியாள் கோப்புறைக்கோ சிஸ்டம் (அதாவது விண்டோஸே), அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், அந்த ஒரு பயனர் ஆகிய மூவருக்கு மட்டுமே அனுமதி இருக்கும்.

நானும் நிர்வாகிதானே, பிறகு ஏன் மறுக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நிர்வாகிக் கணக்கில் நுழைந்திருந்தாலும், கோப்பு உலாவி உள்ளிட்ட நிரல்களைச் சாதாரணப் பயனரின் அதிகாரத்துடன்தான் விண்டோஸ் இயக்குகிறது. நிர்வாகி என்ற அதிகாரம், திரையில் அனுமதி கேட்டு நீங்கள் ஆம் என்று சொல்லும்போதுதான் கைக்கு வரும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் பழைய கோப்புறையில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு ஏற்கெனவே முழு அனுமதி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் உடனே உரிமையாளரை மாற்றப் போகிறார்கள். பல நேரங்களில் அதற்குத் தேவையே இருப்பதில்லை.

அந்தச் செய்திப் பெட்டியில் உள்ள கன்டினியூ பொத்தானை அழுத்தினாலும் கோப்புறை திறக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் அது அந்த ஒரு முறைக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை; உள்ளே இருக்கும் கோப்புகளின் அனுமதிப் பட்டியலில் உங்கள் புதிய எண்ணை நிரந்தரமாக எழுதிக்கொண்டே போகும். முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு மெல்ல நகர்வது அதனால்தான். அடுத்த முறை விண்டோஸ் நிறுவும்போது அந்த எண்ணும் செல்லாமல் போய், இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். எனவே படங்களைத் தனியாள் கோப்புறையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுவதே நிலையான தீர்வு என்பது என் கருத்து.

செய்முறை இது. தொடக்கப் பட்டியில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தேடி, வலது சொடுக்கில் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கறுப்புத் திரையில் டிர் கட்டளையைக் கொடுத்து, பழைய பிக்சர்ஸ் கோப்புறையின் முழுப் பாதையையும் எழுதிப் பாருங்கள். கோப்புகளின் பட்டியல் வந்துவிட்டால் நிர்வாகி அதிகாரமே போதுமானது என்று பொருள். உரிமையாளரைத் தொட வேண்டாம்.

அடுத்து, மாற்றுவதற்கு முன் இப்போதுள்ள அனுமதிகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். இதற்கு ஐகேக்கல்ஸ் என்ற கட்டளை இருக்கிறது; ஐ, சி, ஏ, சி, எல், எஸ் என்ற ஆறு ஆங்கில எழுத்துகள். அதன் பின் கோப்புறையின் பாதை, பிறகு சாய்கோட்டுடன் சேவ் என்ற சொல், சேமிக்க வேண்டிய கோப்பின் பெயர், கடைசியில் சாய்கோட்டுடன் டி (T) என்ற எழுத்து. டி என்பது உள்ளே உள்ள எல்லாவற்றையும் சேர்த்துக்கொள் என்பதற்கு. அனுமதிப் பட்டியல் மட்டுமே இதில் பதிவாகும், உரிமையாளர் யார் என்பது பதிவாகாது. உரிமையாளரை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு, திருமணப் படங்கள் உள்ள கோப்புறையை அதே திரையிலிருந்து மூவ் கட்டளையால் டி ட்ரைவின் மேல்மட்டத்துக்கு நகர்த்துங்கள். ஒரே ட்ரைவுக்குள் நகர்த்துவதால் 600 ஜிபி ஆனாலும் கண நேரத்தில் முடிந்துவிடும். தரவு இடம் மாறுவதில்லை, முகவரிதான் மாறுகிறது. நகர்ந்த கோப்புறை பழைய அனுமதிகளையும் தன்னோடு கொண்டுவரும். அதனால் மறுபடி ஐகேக்கல்ஸ், கோப்புறையின் பெயர், பிறகு சாய்கோட்டுடன் ரீசெட், சாய்கோட்டுடன் டி, சாய்கோட்டுடன் சி, சாய்கோட்டுடன் க்யூ என்று கொடுங்கள். ரீசெட் என்பது பழைய பட்டியலை அழித்து, மேலே உள்ள ட்ரைவின் அனுமதிகளையே இதற்கும் வழங்கும். சி இருந்தால் ஒரு கோப்பில் தடுக்கினாலும் நிற்காமல் போகும். க்யூ இருந்தால் வெற்றிச் செய்திகள் திரையை நிரப்பாது, பிழைகள் மட்டும் கண்ணில் படும். கடைசி வரியில் எத்தனை கோப்புகள் முடிந்தன, எத்தனை தோற்றன என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் சுழியமாக இருக்க வேண்டும்.

இதன் பிறகு ஆல்பம் கோப்புறையைப் போலவே இதுவும் திறக்கும், சேமிக்கும். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் இந்தப் படங்களை மாற்றவும் அழிக்கவும் முடியும். ஸ்டுடியோவில் நீங்கள் ஒருவர் மட்டுமே என்றால் கவலை இல்லை.

ரீட்-ஒன்லி குறியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோப்புறைகளில் அந்தக் கட்டம் எப்போதும் பாதி நிரம்பியதாகத்தான் காட்டும். அதற்கும் அனுமதிக்கும் தொடர்பே இல்லை. புரோகிராம் ஃபைல்ஸ் விஷயமும் கோளாறு அல்ல. அங்கே சாதாரணப் பயனர்கள் வாசிக்கலாம், எழுதக் கூடாது என்பது விண்டோஸின் திட்டமிட்ட ஏற்பாடு. அதைத் தளர்த்தாமல், மாதிரிகளை உங்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். நகல் புதிதாகப் பிறக்கும் கோப்பு என்பதால் சேரும் இடத்தின் அனுமதியையே பெறும்.

பதில்: பழுதுபார்ப்பவன்

மேலே சொன்னது முழுவதும் சரி. கணினிப் பழுதுபார்க்கும் கடையில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அனுமதிகளை மாற்றுவது என்றால் டிஸ்க்கில் லட்சக்கணக்கான பதிவுகளைத் திருத்தி எழுதுவது. பல ஆண்டுகள் உழைத்த ஹார்ட் டிஸ்க்கில் அதைத் தொடங்கும் முன் டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று ஸ்மார்ட் விவரங்களைக் (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே பதிவுசெய்து வைப்பவை) காட்டும் ஏதேனும் ஒரு மென்பொருளில் பார்த்துவிடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்திக்கும், கோப்பு சிதைந்துள்ளது, வாசிக்க முடியவில்லை என்ற செய்திக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வகைச் செய்தி ஒன்றேனும் வந்தால் அனுமதி வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, முதலில் தரவை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள்.

எடுக்கும்போது அனுமதிகளைத் தொடாமலேயே எடுக்க வழி இருக்கிறது. விண்டோஸுடனேயே வரும் ரோபோகாப்பி கட்டளையில் சாய்கோட்டுடன் பி (B) என்று சேர்த்து, நிர்வாகியாக இயக்கினால், காப்புப்பிரதி எடுப்பவருக்கான தனிச் சலுகையைப் பயன்படுத்தி, அனுமதிப் பட்டியலைக் கடந்து வாசித்துவிடும். மூலக் கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. இயல்பாக அது அனுமதிகளை நகலெடுப்பதில்லை என்பதால், புதிய இடத்தில் இந்தச் சிக்கல் தொடராது. துணைக் கோப்புறைகளுக்காக ஈ என்பதையும், போலி வழிகளைத் தவிர்க்க எக்ஸ்ஜே என்பதையும் சேர்க்க மறக்க வேண்டாம். பழைய பயனர் கோப்புறைக்குள் அப்ளிகேஷன் டேட்டா, மை டாக்குமென்ட்ஸ் என்ற பெயர்களில் மங்கலாகத் தெரிபவை உண்மையான கோப்புறைகள் அல்ல; பழைய மென்பொருள்களுக்காக வைக்கப்பட்ட சுட்டுவழிகள். அவை திறக்க மறுப்பது இயல்பு. அவற்றுள் உங்கள் கோப்பு எதுவும் இல்லை, ஆகவே அவற்றைத் திறக்க முயன்று நேரத்தை இழக்க வேண்டாம். இன்னொன்று: ரோபோகாப்பி ஒரு கோப்பில் தோற்றால், இயல்பாக 30 விநாடிக்கு ஒரு முறை என 10 லட்சம் முறை மீண்டும் முயலும். ஆர் என்பதற்கு 1, டபிள்யூ என்பதற்கு 1 என்று கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் விடிய விடிய ஒரே கோப்பில் நிற்கும்.

கோப்புப் படத்தின் ஓரத்தில் சிறிய பூட்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அந்தக் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. பழைய கணக்கின் சான்றிதழ் இல்லாமல் எந்த அனுமதியும் அதைத் திறக்காது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் அந்த மறையாக்க வசதி கிடையாது என்பதால், பழையது ஹோம் பதிப்பாக இருந்திருந்தால் இந்தப் பயம் வேண்டாம்.

இடைக்கேள்வி: கணக்கர்

இதே திரியில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தணிக்கை அலுவலகத்தில் ஒரு கணினியில் நான்கு பேருக்குத் தனித்தனிக் கணக்குகள். தரவுக்கென உள்ள இரண்டாவது டிஸ்க்கில் ஒவ்வொருவர் கோப்புறையையும் அவரவர் மட்டுமே திறக்க முடியும்படி அமைத்திருந்தோம். இப்போது விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்ட பின் யாருடையதும் திறக்கவில்லை. மேலே சொன்னபடி ரீசெட் செய்தால் எல்லாருக்கும் எல்லாமும் திறந்துவிடுமே? வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குகள் இருப்பதால் அப்படி விட முடியாது.

பதில்: கட்டளைவரி

உங்களுக்கு ரீசெட் பொருந்தாது, நீங்கள் சொல்வது சரி. ஆனால் இதற்கென்றே ஒரு வசதி ஐகேக்கல்ஸிலேயே இருக்கிறது. அதிகம் பேர் பயன்படுத்தாதது. சேவ் என்று கொடுத்துச் சேமித்த அனுமதிகளை ரெஸ்டோர் என்று கொடுத்துத் திரும்ப ஏற்றும்போது, சப்ஸ்டிட்யூட் என்ற சொல்லைச் சேர்த்து, பழைய எஸ்ஐடி, புதிய எஸ்ஐடி என இணை இணையாகக் கொடுத்தால், பட்டியலில் பழைய எண் இருந்த இடத்தில் எல்லாம் புதிய எண்ணை எழுதிவிடும். யாருக்கு எந்த அளவு அனுமதி இருந்ததோ அது அப்படியே தொடரும். ஆளின் எண் மட்டும் மாறும்.

பழைய எண், ஒவ்வொருவர் கோப்புறையின் செக்யூரிட்டி பகுதியிலும் அக்கவுண்ட் அன்நோன் என்ற வரியில் கிடைக்கும். யார் கோப்புறை என்று தெரியும் என்பதால் எந்த எண் யாருடையது என்பதில் குழப்பம் வராது. புதிய எண்ணுக்கு, ஒவ்வொருவரும் தம் கணக்கில் நுழைந்து ஹூஆம்ஐ கட்டளையைச் சாய்கோட்டுடன் யூசர் என்று சேர்த்துக் கொடுத்தால் போதும். எண்களை எழுதும்போது ஒவ்வொன்றின் முன்னும் ஒரு நட்சத்திரக் குறி இட வேண்டும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சேமித்த கோப்பில் பாதைகள் முழுமையாக இருக்காது, கோப்புறையின் பெயரிலிருந்துதான் தொடங்கும். ஆகவே சேமிக்கும்போது கோப்புறையைக் குறிப்பிட்டிருந்தால், திரும்ப ஏற்றும்போது அதற்கு ஒரு படி மேலே உள்ள இடத்தைக் குறிப்பிட வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை வரிசையாக வரும். எதுவும் கெட்டுப்போகாது, மேலே உள்ள இடத்தைக் கொடுத்து மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். உரிமையாளர் பெயரையும் மாற்ற வேண்டுமென்றால் அது தனி வேலை, செட்ஓனர் என்ற சொல்லால் செய்ய வேண்டும். முதலில் ஒரு சிறிய கோப்புறையில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

நிழற்படக்கூடம்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. டிஸ்க் நலமாக இருப்பதாக ஸ்மார்ட் விவரங்கள் காட்டின. டிர் கட்டளைக்குப் பட்டியல் உடனே வந்தது. அனுமதிகளைச் சேமித்து, கோப்புறையை மேலே நகர்த்தி, ரீசெட் செய்தேன்; படங்கள் திறக்கின்றன, போட்டோஷாப்பில் திருத்தினால் அதே இடத்தில் சேமிக்கவும் முடிகிறது. ஆனால் தோல்வி எண் சுழியமாக வரவில்லை. முன்பு என்னிடம் வேலை பார்த்த உதவியாளர் தன் கணக்கிலிருந்து உருவாக்கிய ஒரு கோப்புறை மட்டும் நிர்வாகித் திரையிலும் அனுமதி மறுக்கிறது. இன்னொன்று, டி ட்ரைவில் உள்ள பழைய விண்டோஸ் கோப்புறையை அழிக்கப் பார்த்தேன்; டிரஸ்டட் இன்ஸ்டாலரின் (விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளுக்கு உரிமையாளராக வைத்திருக்கும் உள் சேவை) அனுமதி வேண்டும் என்கிறது.

பதில்: கட்டளைவரி

அந்த ஒரு கோப்புறைக்குத்தான் உரிமையாளரை மாற்றும் தேவை இருக்கிறது. உதவியாளர் அதன் பட்டியலிலிருந்து மற்றவர்களை நீக்கியிருக்க வேண்டும், அதில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவும் போயிருக்கும். பட்டியலில் இடமில்லாவிட்டாலும் உரிமையை எடுத்துக்கொள்ளும் சலுகை நிர்வாகிக்கு உண்டு. நிர்வாகித் திரையில் டேக்ஓன் கட்டளையை எழுதி, சாய்கோட்டுடன் எஃப், அந்தக் கோப்புறையின் பாதை, சாய்கோட்டுடன் ஆர், சாய்கோட்டுடன் ஏ, கடைசியாக டி (D) என்பதற்கு ஒய் என்று கொடுங்கள். ஏ என்பதைச் சேர்த்தால் உரிமை உங்கள் தனிக் கணக்குக்குப் போகாமல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்குப் போகும். குழுவின் எண் எங்கும் ஒன்றே என்பதால் அடுத்த முறை விண்டோஸ் நிறுவும்போதும் அது செல்லும். உரிமையாளர் ஆனதாலேயே படங்கள் திறந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பட்டியலைத் திருத்தும் அதிகாரம்தான் உரிமையாளருக்கு உறுதியாகக் கிடைக்கிறது. வாசிக்கும் அனுமதியைப் பட்டியலில் எழுதியாக வேண்டும். எனவே அந்தக் கோப்புறைக்கு மட்டும் ரீசெட்டை இன்னொரு முறை இயக்குங்கள்.

பழைய விண்டோஸ் கோப்புறையை இப்போது விட்டுவிடுங்கள். அதை அழிக்க, கோப்பு கோப்பாக உரிமையை மாற்றிக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. மிச்சமாகும் இடமும் 600 ஜிபிக்கு முன் சிறியதுதான். திருமணப் படங்களுக்கு வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். இப்போதைக்கு ஒரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் அவை இருப்பதுதான் அனுமதிச் சிக்கலைவிட எனக்குக் கவலை தருகிறது. எடுத்த பிரதியிலிருந்து சில படங்களைத் திறந்து சரிபார்த்த பின், டி ட்ரைவை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துவிட்டு, படங்களை அதில் திரும்ப நகலெடுங்கள். டிரஸ்டட் இன்ஸ்டாலர், பழைய எண்கள், உதவியாளரின் பூட்டு எல்லாம் அத்துடன் போய்விடும்.